சாமிக்கு நேர்ந்துவிட்ட துரை மீன்

எங்க வீட்டுக்காரக பேரை நான் என் வாயால சொல்ல மாட்டேன். கட்டின புருசன் பேரைச் சொன்னா அவுகளுக்கு ஆயுசு குறையும்னு சொல்லித்தான் எங்க ஆத்தா என்னை வளத்தா. தெரிஞ்சே ஆகணும்னா, கம்பத்துப் பக்கம் ஒரு அருவி கொட்டுதுல்ல, அந்த அருவி பேரை எடுத்துக்கங்க. பழனி மலையில கோமணத்தோட நிக்கிற சாமியை எப்படிச் சொல்லுவாக, அதைப் பின்னால ஒட்டிக்கங்க. ஊர்க்காரக "ஏலே சுருளியாண்டி"ன்னு தெருவுல நின்னு கூப்பிடும்போது நான் என்ன அவுக வாயைப் பொத்தவா முடியும். நீங்களும் கேட்டுக்கங்க.

அவுக சீவனம் மலையிலதான். போடிக்கு ரயில் வந்து நாலஞ்சு வருசம் ஆன சமயம். எங்க ஊரு போடிக்கும் குரங்கணிக்கும் நடுவுல மலையடிவாரத்துல இருக்கு. வாராவாரம் போடிச் சந்தையில கோழியும் காயும் வாங்கிக் கூடையில வச்சுத் தலையில தூக்கிக்கிட்டு, குரங்கணி வழியா மலையேறி, டாப் ஸ்டேஷன் தாண்டி இருக்குற தேயிலைத் தோட்டத்துத் துரைமார் பங்களாவுல கொடுத்துட்டு வருவாக. ஆளு பாக்க ஐயனார் கோயில் காவக்காரன் கணக்கா இருப்பாக. மீசையைப் பாத்தா எதுக்க வர்ற மாடு ஒதுங்கும். ஆனா இடுப்பளவு தண்ணியக் கண்டா கை கால் உதறும். அதை விடக் கூத்து, மீன் வாசம் பட்டா வாந்தி.

நானோ வீரபாண்டிக்காரி. எங்க வீட்டுக்குப் பின்னாலதான் முல்லையாறு ஓடுது. கெண்டையும் கெளுத்தியும் தின்னு வளந்த ஒடம்பு இது. கல்யாணமாகி வந்த புதுசுல ஆசை ஆசையா மீன் கொழம்பு வச்சேன். மூடியைத் தொறந்தேனோ இல்லையோ, மனுசன் எந்திரிச்சு ஓடி, பக்கத்து வீட்டு வைக்கப்படப்புல குடலே வெளிய வர்ற மாதிரி கக்குனாக. அவுக சொந்தக்காரிக எல்லாம் கூடி நின்னு, வீரபாண்டிக்காரி வந்ததும் வராததுமா மருந்து வச்சுட்டான்னு பேசிக்கிட்டாளுக. அன்னையோட அந்த வீட்டுல மீன் சட்டியைக் கவுத்து வச்சவதான். சித்திரைத் திருவிழாவுக்கு ஆத்தா வீட்டுக்குப் போனா நாலு வாய் தின்பேன். மத்தபடி கத்திரிக்கா, மொச்சை, கத்திரிக்கா, மொச்சை.

இப்படிப்பட்ட மனுசனுக்கு மீன் கிறுக்குப் பிடிக்கும்னு எந்தச் சாமி வந்து சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஒரு வாரம் மலையிலருந்து இறங்குனாக. கூடையை இறக்கி வைக்கக் கூட இல்ல, பேச ஆரம்பிச்சுட்டாக. பங்களாவுல ஒரு செம்பட்டைத் துரை இருந்தாரு. தலை, மீசை, புருவம் எல்லாம் சோளக்கதிர் மயிரு நெறத்துல இருக்குமாம். அவரு ஓடையில நின்னு மீன் பிடிச்சதை எங்க வீட்டுக்காரக பாத்திருக்காக.

"புழு இல்ல புள்ள. ஒரு மண்ணும் இல்ல. வெறும் சேவல் இறகை ஊசியில கட்டி ஈ மாதிரி பண்ணி வச்சிருக்காரு. மாட்டை வெரட்டுற சாட்டை கணக்கா முன்னயும் பின்னயும் வீசுறாரு. அது போயி தண்ணி மேல ஈ உக்காந்த மாதிரி உக்காருது. மீனு வந்து லபக்குன்னு கவ்வுது. இறகைத் திங்கிற மீனை நீ எங்கயாச்சும் கேட்டிருக்கியா?"

"கொண்டு வந்தீகளா?"ன்னேன். எனக்கு அதுதான கவலை.

"எதை?"

"மீனை."

அவுக மொகம் சுருங்கிப் போச்சு. நாத்தம் ஞாவகம் வந்திருச்சு போல.

அது வெள்ளைக்காரக சீமையிலருந்து முட்டையாக் கொண்டாந்து ஓடையில விட்ட மீனு. அதுக்கு வாய்க்குள்ள நுழையாத ஒரு பேரு வச்சிருந்தாக. நாங்க துரை மீனுன்னு சொல்லிட்டோம். அந்தத் துரைக்கு இறகுப் பஞ்சம் வந்திருந்த நேரம் பாத்து எங்க வீட்டுக்காரக கூடையில ஒரு செவலைச் சேவல் இருந்திருக்கு. அதோட கழுத்து இறகைத் துரை தடவித் தடவிப் பாத்தாராம். கட்டின பொண்டாட்டியைக் கூட ஒருத்தன் அப்படிப் பாக்க மாட்டான். அன்னையிலருந்து வீட்டுல நான் வளத்த இன்னொரு செவலைக்குச் சனி பிடிச்சிருச்சு. வாராவாரம் கொஞ்சம் பிடுங்கி, ஒரு மாசத்துல கழுத்து மொட்டையாகி, பாக்கவே பரிதாபமா ஆகிப் போச்சு. பொட்டைக் கோழிக கூட அதை மதிக்கல.

இறகுக்குப் பதிலா துரை ஒரு பழைய மூங்கில் தூண்டிலைக் கொடுத்து, பங்களாவுக்குக் கீழ இருக்குற சின்ன ஓடையில பிடிச்சுக்கன்னு சொல்லிட்டாரு. அந்தத் தூண்டிலோட கைப்பிடிக்குப் பக்கத்துல ஒரு கோடு கீறியிருக்கும். அதை மறந்துறாதீக, சண்டையே அந்தக் கோட்டாலதான் வந்துச்சு.

முதல்ல எங்க வீட்டு வாசல்லதான் பழகுனாக. பின்னால வீசுனா கூரை ஓலையில மாட்டும். முன்னால வீசுனா காயப்போட்ட என் சேலையில மாட்டும். ஒரு நாள் அந்த வழியாப் போன அம்மாவாசி மாமா தலைப்பாகை மேல மாட்டி, அது காத்துல பறந்து வந்து எங்க மாட்டுக் கொம்புல தொங்குச்சு. அம்மாவாசி மாமா எங்க ஊர்க் கருப்பசாமிக்குப் பூசாரி. தலைப்பாகை இல்லாம அவுகளை ஊர்ல யாரும் பாத்ததில்ல. மாடு அதைப் போட்டுக்கிட்டு நின்னது, சொல்லக் கூடாது, அவுகளை விட நல்லா இருந்துச்சு.

பெறகு ஒரு வாரம் நெசமாவே ஒரு மீனைப் பிடிச்சுட்டாக. உசுரு மீனுல அம்புட்டு வாசம் இல்லையாம். இறங்கி வரும்போதே சிரிப்பு காது வரைக்கும் இருக்கு. நான் ஓடிப் போயிக் கூடைக்குள்ள கையை விட்டேன். வெறுங்கூடை.

"மீனு எங்க?"

"விட்டுட்டேன்."

"என்னது?"

"சாமிக்கு நேர்ந்து விட்டுட்டேன் புள்ள."

விசயம் என்னன்னா, துரை சின்ன மீனாப் பிடிச்சா, அந்தக் கோட்டுப் பக்கத்துல வச்சுப் பாத்துட்டு, வாய்க்குள்ள என்னமோ முணுமுணுத்துட்டு, ரெண்டு கையாலயும் பதமாத் தண்ணியில விட்டுருவாராம். நம்ம ஊர்ல சேவலைச் சாமிக்குன்னு சொல்லி அவுத்து விடுறோமா இல்லையா. அதே மாதிரி துரையும் நேர்ந்து விடுறாருன்னு இவுக முடிவு கட்டிட்டாக. அதுக்கு ஒரு சாட்சி வேற வச்சிருந்தாக. அந்த மீன் ஒடம்பு பூரா புள்ளி புள்ளியா இருக்குமாம். "அம்மை முத்துப் போட்டிருக்கு புள்ள. சாட்சாத் அம்மன் மீனு. எப்படிக் கொல்ல மனசு வரும்?"

துரை சொன்ன மந்திரத்தையும் கத்துக்கிட்டு வந்திருந்தாக. கண்ணை மூடிக்கிட்டு, மீனை விடும்போது சொல்லணுமாம், "டாமிட்."

இதோட நின்னிருந்தா நான் பேசாம இருந்திருப்பேன். எதுத்த வீட்டு அக்கம்மாளோட பசு சினை நிக்காம இருந்துச்சு. "சுருளியாண்டி, என் பேருக்கும் ஒரு மீனை விட்டுரேன்"னா. இவுகளும் விட்டாக. பசு சினை பிடிச்சிருச்சு. அவ்வளவுதான், ஊரு கிளம்பிருச்சு. சேவல் நேர்ந்தா சேவலு போகும், கெடா நேர்ந்தா கெடா போகும். மீன் நேர்ந்தா மலையில இருக்குற துரை மீனு, நம்ம கையை விட்டு என்ன போகுது? கல்யாணம் தகையாதவுக, கால் வலிக்காரக, மருமக கூடச் சண்டை பிடிக்கிறவுக, எல்லாரும் வந்து எங்க வாசல்ல நின்னாக. இவுகளும் மீசையை முறுக்கிக்கிட்டு, அம்மனுக்கு ஒண்ணு, கருப்பனுக்கு ஒண்ணு, சுருளி வேலப்பருக்கு ஒண்ணுன்னு பிடிச்சுப் பிடிச்சு விட்டுட்டு வந்தாக. பிடிச்ச மீனையே திரும்பப் பிடிச்சு இன்னொரு சாமிக்கு விட்டாகளோ என்னமோ, அதை யாரு கண்டா.

அப்பத்தான் எனக்கு மசக்கை வந்துச்சு.

ஆறு வருசமா வராத மசக்கை. எதைத் தின்னாலும் கக்குறேன். சோறு புடிக்கல, கஞ்சி புடிக்கல. மனசு ஒண்ணே ஒண்ணைத்தான் கேக்குது. அந்தத் துரை மீனு. வாராவாரம் அது துள்ளுன கதையும் மின்னுன கதையுமாச் சொல்லிச் சொல்லி என் நாக்குல ஏத்தி விட்டதே அவுகதான. ஆத்தா வீட்டுல சொல்லி ஆத்து மீனு கொண்டு வரச் சொல்றேன்னாக. வேண்டாம்னுட்டேன். மசக்கைக்காரி நாக்கு சொன்னபடி கேக்குமா? ஆசைப்பட்டதைக் கொடுக்கலைன்னா பெறக்குற புள்ளைக்குக் காதுல சீழ் வடியும்னு ஊரே சொல்லும்.

"ஒரே ஒரு மீனுதானங்க கேக்குறேன்"னு சொல்லி அழுதுட்டேன்.

அவுக பாவம், தூண்டிலைத் திருப்பித் திருப்பிப் பாக்குறாக. "எல்லாத்தையும் சாமிக்கு விட்டாச்சே புள்ள. எது அக்கம்மாளுது, எது கருப்பனுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாத்துக்கும் ஒரே மொகம்."

எனக்கு வந்துச்சே ஆங்காரம். பங்களாவுல சமையக்காரனா இருந்த வேலுச்சாமி எனக்குக் கொழுந்தன் முறை. அவன் ஊருக்கு வந்திருந்தப்போ பிடிச்சு உக்கார வச்சுக் கேட்டேன். அவன் சிரிச்ச சிரிப்புல பொறையேறிப் போச்சு.

"மதினி, அது சாமியும் இல்ல பூதமும் இல்ல. மீனு அந்தக் கோட்டை விடச் சின்னதா இருந்தா விட்டுரணும்னு துரைமார் சட்டம். பெரிசா இருந்தா நாந்தான் வெண்ணெயில வறுத்துக் கொடுக்கேன். சின்னதா மாட்டிருச்சேங்கிற கோவத்துல துரை திட்டுவாரு. அதைத்தான் அண்ணன் மந்திரம்னு ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கு."

எங்க வீட்டுக்காரக அதைக் கேட்டுத் தலை குனிஞ்சாகளா? அதுதான் இல்ல. "துரை என்ன நெனச்சு விட்டாரோ, நான் சாமியை நெனச்சுத்தான் விட்டேன். சொன்ன சொல்லு சொன்னதுதான்"னுட்டாக. கூறு கெட்ட மனுசன்னாலும் அந்த நேர்மைக்காகத்தான் நான் அவுக கூடக் குடும்பம் நடத்துறேன்.

நேரா அம்மாவாசி மாமாகிட்டப் போனேன். ஊர்ல பாதிப் பேரு பின்னாலயே வந்துட்டாக.

"ஏன் மாமா, சேவலை நேர்ந்து விடுறோமே, அதை என்ன பண்ணுறீக? கெழடாகிச் சாகட்டும்னா விட்டு வைக்கிறீக?"

"கோயில் கொடைத் திருவிழா வந்தா அறுப்போம்"னாக.

"அறுத்து?"

"ஆக்குவோம்."

"ஆக்கி?"

மாமா மீசையைத் தடவிக்கிட்டே, "திங்கத்தான் செய்வோம்"னாக.

"அப்ப மீனுக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? கருப்பனுக்கு ஒரு மீனை ஆக்கிப் படைச்சுட்டு நான் திங்கிறேன்."

மாமா ரொம்ப நேரம் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தாக. தூங்கிட்டாகளோன்னு நெனச்சேன். கண்ணைத் தொறந்து, "ஞாயந்தான் ஆத்தா. படைக்கலாம். ஆனா ஒண்ணு. நேர்ந்து விட்டவன் கையாலதான் பிடிக்கணும், அவன்தான் முத வாய் திங்கணும். அவன் வாயில விழாம வேற யாரு தின்னாலும் சாமி குத்தம்"னாக.

எல்லாரும் எங்க வீட்டுக்காரகளைத் திரும்பிப் பாத்தாக. மீன் வாசத்துக்கு வைக்கப்படப்பு வரைக்கும் ஓடுற ஆளு. மீசை ரெண்டு பக்கமும் தொங்கிப் போச்சு.

"பிடிக்கிறேன்"னு மட்டும் சொன்னாக. திங்கிறதைப் பத்திப் பேச்சே இல்ல.

மலையில நடந்ததை வேலுச்சாமிதான் வந்து சொன்னான். துரைகிட்டப் போயி, பொண்டாட்டி மசக்கை, கோட்டுக்கு மேல இருக்குற மீனா ஒண்ணு எடுத்துக்கிறேன்னு கேட்டிருக்காக. எடுத்துக்கன்னுட்டாரு துரை. ஆனா பெரிய மீனு சின்ன ஓடையில இல்ல, பாறைக்குக் கீழ இருக்குற கசத்துலதான் இருக்கு. அங்கன தண்ணி ஆழம். அவுக கோழிக்கூடைக் கயித்தை அவுத்து இடுப்புல கட்டி, மறு நுனியை மரத்துல கட்டி, அது பத்தாதுன்னு வேலுச்சாமியையும் வேட்டியைப் பிடிச்சுக்கச் சொல்லிட்டுப் பாறை ஓரத்துல நின்னிருக்காக. முத வீச்சுல ஊசி வேலுச்சாமி காதுல மாட்டிருச்சு. அடுத்ததுல மரத்துல மாட்டிருச்சு. அதுக்கடுத்து செவலையோட இறகு பூப்போலப் போயித் தண்ணியில உக்காந்திருக்கு. கவ்வுச்சு பாருங்க. முழங்கை நீளத்துக்கு இருக்கும். அது இழுக்க இவுக இழுக்க, வேலுச்சாமி வேட்டியை இழுக்க, கடைசியில மீனும் கரைக்கு வந்துச்சு, வேட்டியும் வேலுச்சாமி கையோட வந்துச்சு.

அன்னைக்குப் பொழுது சாய நான் வாசல்ல நின்னு பாக்கேன். மலைப்பாதையில ஒரு மூங்கில் வருது. அதோட நுனியில ஒரு மீன் ஆடிக்கிட்டே வருது. அதுக்குப் பின்னால அம்புட்டுத் தூரம் தள்ளி, துண்டால மூக்கைக் கட்டிக்கிட்டு எங்க வீட்டுக்காரக வர்றாக. வாசம் வரக் கூடாதுன்னு தூண்டில் நுனியிலயே கட்டித் தூக்கிக்கிட்டு, மலை பூரா அப்படியே இறங்கியிருக்காக. காத்து எதுத்து அடிச்சா திரும்பிக்கிட்டுப் பின்பக்கமா நடந்தாகளாம். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேந்து வந்துச்சு.

கருப்பசாமி கோயிலுக்கு முன்னால புதுச்சட்டி வச்சு, மொளகா அரைச்சு, புளி கரைச்சு நானே கொழம்பு வச்சேன். படைச்சாச்சு. மாமா இலையில ஒரு துண்டை எடுத்து வச்சு, "ம்"னாக. பக்கத்துல நின்னவுக எல்லாம் நல்லாத் தள்ளி நின்னுக்கிட்டாக, மேல பட்டுறக் கூடாதுல்ல.

அவுக என்னைப் பாத்தாக. என் வகுறைப் பாத்தாக. கண்ணை மூடிக்கிட்டு வாயில போட்டாக. கழுத்து நரம்பு பொடைக்குது, கண்ணுல தண்ணி தாரை தாரையாக் கொட்டுது, மீசை ஆடுது. முழுங்கிட்டாக. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னுட்டு, இலையை என் பக்கம் தள்ளி விட்டாக. அந்த நேரத்துல எனக்கு அவுக மேல வந்த பிரியம், கல்யாணத்தன்னைக்குக் கூட வந்ததில்ல.

நான் ஆசையாப் பிட்டு வாயில போட்டேன்.

சப்புன்னு இருந்துச்சு.

பச்சைத் தண்ணி. ஈரத் துணி. எங்க முல்லையாத்துக் கெண்டையோட கால் தூசிக்குப் பெறாது. குளுந்த தண்ணியில கெடந்து கெடந்து ருசியே செத்துப் போயிருக்கு. நிமிந்து பாக்கேன், மனுசன் என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறாக, கண்ணுத் தண்ணி இன்னும் காயல. எப்படிங்க சொல்லுவேன்?

"தேனாட்டம் இருக்குங்க"ன்னேன்.

அவுக மொகம் பூத்த பூப்பைப் பாக்கணும். "அப்ப வாராவாரம் ஒண்ணு கொண்டு வந்துறேன் புள்ள. துரை வேண்டாம்னா சொல்லப் போறாரு. ஊர்க்காரக நேர்ந்ததும் ஒண்ணொண்ணாத் தீரும்"னாக.

வாராவாரம் வந்துச்சு. அக்கம்மாள் பேருக்கு ஒண்ணு, கால் வலிக்காரருக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் முத வாய் அவுக, கண்ணை மூடிக்கிட்டு. மிச்சம் பூராவும் நான். வேற யாராச்சும் கை வச்சாலாவது தப்பிக்கலாம், மசக்கைக்காரி சட்டியில எவ கை வைப்பா? மசக்கை எப்பவோ போயிருச்சு. மீனு போகல. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு எங்க ஆத்தா வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனப்போ, வண்டியில ஏறுனதும் அப்பாடான்னு ஒரு பெருமூச்சு விட்டேன் பாருங்க, எங்க ஆத்தா எனக்கு வலி வந்திருச்சுன்னு பயந்து போயிட்டா.

பொம்பளைப் புள்ள பெறந்துச்சு. காது ரெண்டும் சுத்தமா இருந்துச்சு. எங்க வீட்டுக்காரக பாக்க வந்திருந்தாக. மருமகனுக்கு மீன் ஆகாதுன்னு எங்க ஆத்தா தனியாக் கத்திரிக்காக் கொழம்பு வச்சு எலையைப் போட்டா. அடுப்புல கெண்டைக் கொழம்பு கொதிக்குது. அவுக மூக்கைச் சுழிக்கல. எட்டிப் பாத்துட்டு, "அத்தை, எனக்கும் அதுலயே ஒரு துண்டு போடுங்க"ன்னாக. ஆத்தா கரண்டியைக் கீழ போட்டுட்டா.

பிட்டுத் தின்னாக. இன்னொரு துண்டு கேட்டு வாங்கித் தின்னாக. தலையை உறிஞ்சினாக. எலையை வழிச்சுட்டு என் பக்கத்துல வந்து உக்காந்து, ஆத்தாவுக்குக் கேக்காத மாதிரி மெதுவாக் கேட்டாக.

"ஏ புள்ள, இதுதான் மீனா? பெறகு எப்படி அந்தச் சப்புன்னு இருக்குற மீனை அத்தனை மாசமாத் தின்ன? வாயில வச்சா ஒண்ணுமே இல்லையே அதுல. உனக்குப் பிடிச்சிருக்கேன்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு முழுங்குனேன்."

"எனக்கு எங்க பிடிச்சுது?"ன்னேன். "உங்களுக்காகத்தான் தின்னேன்."

அவுகளுக்குத்தான் முதல்ல சிரிப்பு வந்துச்சு. அந்தச் சிரிப்புல தொட்டில்ல தூங்குன புள்ள முழிச்சு அழுதிருச்சு. அவுகளே எந்திரிச்சுப் போயித் தூக்கிக்கிட்டாக.